பேக்கிங் செக்ஷன் அக்காவும் ஊமையான நெட்வொர்க் கார்டும்

தொண்ணூறுகளின் நடுவில், குரோம்பேட்டையில் நடந்தது இது. அப்போது நான் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு சின்ன போர்ஷனில் குடியிருந்தேன். காலையில் எலெக்ட்ரிக் ட்ரெயினில் தொற்றிக்கொண்டு போய், பை, பர்ஸ், பெல்ட் எல்லாம் தைத்துக் கப்பலில் அனுப்பும் ஒரு தோல் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவந்தேன். அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் வேலை என்றால் எல்லா வேலையும்தான். பிரிண்டரில் சிக்கிய பேப்பரை உருவுவதும் நான்தான், கணக்குப் புரோகிராம் எழுதுவதும் நான்தான். மேனேஜர் அறை ஃபேன் சுற்றவில்லை என்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். நான் கல்லூரியில் படித்தவன் இல்லை. ரேடியோ ரிப்பேர் கடையில் சால்டரிங் அயர்ன் பிடித்தவன். கம்ப்யூட்டரைத் திறந்து, கெடுத்து, மறுபடி சேர்த்துத்தான் அதைக் கற்றுக்கொண்டேன்.

முதலாளியை எல்லாரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். தெருவோரம் மாடியில் ஆபீஸ். பின்னால், லாரிகள் வந்து திரும்பும் பெரிய முற்றத்தைத் தாண்டினால் பேக்கிங் செக்ஷன். எந்தப் பெட்டியில் எத்தனை பை, என்ன நிறம், என்ன எடை என்ற பேக்கிங் லிஸ்ட் அங்கேதான் டைப் ஆகும். அதை ஃபிளாப்பியில் போட்டுக்கொண்டு ஒருவர் முற்றத்தைத் தாண்டி ஓடி, மாடி ஏறி, ஆபீஸில் பிரிண்ட் எடுக்க வேண்டும். ஒரு பெட்டி மாறினால் மறுபடி ஓட்டம். கன்டெய்னர் கிளம்பும் நாளில் அந்த ஆள் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்தால் நமக்கு மூச்சு வாங்கும்.

ஓடிக்கொண்டிருந்தவர் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். அந்த இடத்தைக் கேட்டு வந்தவர்தான் அக்கா. பசை ஒட்டும் செக்ஷனில் தரையில் உட்கார்ந்து வேலை செய்தவர். சொல்யூஷன் வாடை ஒத்துக்கொள்ளாமல் மூச்சிழுப்பு வந்து, மாதத்தில் பாதி நாள் படுத்துவிடுவார். சாயங்காலத்தில் பல்லாவரத்தில் டைப்ரைட்டிங் படித்து, தேர்வும் எழுதி வைத்திருந்தார். ஆனால் சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து ஒரு கால் சூம்பிவிட்டது. இரும்புப் பட்டை மாட்டிய ஷூ போட்டுக்கொண்டுதான் நடப்பார்.

மேனேஜர் சார் கெட்டவர் இல்லை, கறார் ஆள். "டைப் அடிக்கறதுக்கு ஆள் கெடைக்கும்மா. ஓடறதுக்குத்தான் ஆள் வேணும்" என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். வாய் சும்மா இருக்குமா. ரெண்டு கம்ப்யூட்டரையும் கேபிளால் இணைத்துவிட்டால் யாரும் ஓட வேண்டியதில்லை என்று பாயிடம் சொன்னேன். பாய் தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். "சரிப்பா. கேபிள் ஓடட்டும், அந்தப் பொண்ணு உக்காரட்டும்" என்றார்.

அந்த வார்த்தையில்தான் அக்காவுக்கு நாற்காலி கிடைத்தது. பாய் சொன்னதை நான் வீட்டில், டீக்கடையில் என்று எல்லா இடத்திலும் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

ரிச்சி தெருவில் அலைந்து, அட்டைப்பெட்டியில் பெயர்கூடப் போடாத மலிவான நெட்வொர்க் கார்டுகள் வாங்கி, கேபிளை மாட்டுவதற்காக இரண்டு கம்ப்யூட்டருக்குள்ளும் செருகினேன். ஆபரேட்டிங் சிஸ்டம், இலவசமாகக் கிடைக்கிற ஒன்று. பொத்தேரி பக்கம் ஒரு கல்லூரி லேபில் வேலை பார்த்த நண்பன் ஒரு பை நிறைய ஃபிளாப்பியில் பிரதி எடுத்துக் கொடுத்தான். அந்த சிஸ்டத்தை எழுதியவர்கள் நிரலையும் கூடவே கொடுத்துவிடுவார்கள். யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தலாம். அதற்குள் என் கார்டுக்கான டிரைவரும் இருந்தது. டிரைவர் என்பது ஒரு துபாஷி. கார்டு பேசும் பாஷை கம்ப்யூட்டருக்குத் தெரியாது, கம்ப்யூட்டர் பேசுவது கார்டுக்குத் தெரியாது. நடுவில் நின்று இரண்டு பேருக்கும் எடுத்துச் சொல்லும் நிரல் அது. யாரோ வெளிநாட்டுக்காரர் எழுதியிருந்தார்.

முற்றத்தின் சுவரோரமாகக் கேபிளை இழுத்து ஆணி அடித்தேன். கேபிளின் இரண்டு முனையிலும் பித்தளை நிறத்தில் சின்ன மூடி ஒன்று திருகியிருக்கும். அது இல்லாவிட்டால் கேபிளில் போகும் சமிக்ஞை முனையில் முட்டித் திரும்பிவந்து எல்லாவற்றையும் குழப்பிவிடும். அக்கா கீழே அடிக்கும் எழுத்து கேபிள் வழியாக மாடி மெஷினுக்குப் போய், அங்கிருந்து திரும்பி அவர் திரையில் வரும்; லிஸ்ட் முடிந்ததும் மாடியில் பிரிண்டர் கரகரவென்று அடித்துத் தள்ளியது. அந்த மாதம் முழுக்க அக்காவுக்கு ஒரு நாள்கூட இழுப்பு வரவில்லை.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது.

பாய் முஸ்லிம்தான். ஆனால் ஆயுத பூஜைக்குப் பொரி, கடலை, ஸ்வீட் பாக்கெட் எல்லாம் அவர் கைக்காசில் வந்துவிடும். தையல் மெஷின், கத்தரி, தராசு, கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைப்பார்கள். விடுமுறை முடிந்து வந்த மறுநாளே வம்பு ஆரம்பித்தது. அக்கா பாதி லிஸ்ட் அடித்துக்கொண்டிருக்கும்போது திரை அப்படியே நின்றுவிடும். எந்தச் சாவியைத் தட்டினாலும் அசையாது. மெஷினை அணைத்துப் போட்டால்தான் உயிர் வரும். அதற்குள் அடித்தது போயிருக்கும்.

மழைக்காலம் வேறு. பழையபடி ஃபிளாப்பியில் அடித்து எடுத்துக்கொண்டு மாடிக்கு அக்காவே நடக்க ஆரம்பித்தார். முற்றத்தில் லாரி டயர் பள்ளத்தில் எல்லாம் தண்ணீர். ஷூவின் இரும்புப் பட்டையில் சேறு அப்பியிருக்க, ஃபிளாப்பியை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு படியேறி வந்ததை நான் ஜன்னலில் இருந்து பார்த்தேன். "பிரிண்ட் போடு தம்பி" என்றார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

கேபிளை முனை முனையாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். பேக்கிங் செக்ஷன் முனையில் இருந்த மூடியைத் திருகிக் கழற்றியதும் வாசம் வந்தது. சந்தன வாசம். உள்ளே மஞ்சளாகக் காய்ந்துபோய் அப்பியிருந்தது.

லோடு ஏற்றும் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் பெருமையாகச் சொன்னார்: "நான்தாம்பா வெச்சேன். எல்லாரும் டிவி பொட்டி மேல வெச்சுகினு போய்ட்டானுங்க. இதான மெயினு? கயட்டி, உள்ள வெளிய நல்லா தொடச்சு, பொட்டு வெச்சு மாட்டினேன். ஒனக்காகத்தான்."

ஸ்பிரிட் போட்டுத் துடைத்து மாட்டினேன். நெட்வொர்க் ஓடியது. மேனேஜரிடம் போய், சரியாகிவிட்டது சார் என்று சொல்லிவிட்டுத் தாம்பரம் மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டு சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன்.

அந்த வாரமே ஒரு லாரி பின்பக்கமாக வந்தபோது கேபிளை இழுத்துவிட்டது. இணைப்பு ஒன்று லேசாகக் கழன்றது, உடனே திருகிவிட்டோம். கேபிள் சரியாகத்தான் இருந்தது. அக்காவின் திரை மட்டும் மறுபடி செத்துக் கிடந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சந்தனம் ஒரு சாக்குதான். இன்றைக்குச் சந்தனம், நாளைக்கு லாரி, அடுத்த நாள் எலி. கேபிளில் கோளாறு வரத்தான் செய்யும். கோளாறு போன பிறகும் மெஷின் ஏன் வாயே திறக்கவில்லை என்பதுதான் கேள்வி.

மேனேஜர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். "இதப் பாருப்பா, டிசம்பர் மொதல்ல பெரிய கன்டெய்னர் போவுது. அதுவரைக்கும் பாப்பேன். நின்னுச்சுன்னா கேபிளைக் கழட்டிட்டு, ஓடற ஆள் போட்டுடுவேன். அந்தம்மா பழைய எடத்துக்கே போகட்டும்."

பழைய இடம் என்றால் பசை செக்ஷன். அக்காவுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். மத்தியானம் சாப்பிடும்போது டப்பாவை மூடிக்கொண்டே சொன்னார்: "தம்பி, எனக்காக பண்றேன்னு நெனச்சுப் பயந்துக்காத." டப்பாவைப் பையில் வைத்துவிட்டு, "ஆனா பண்ணு" என்றார்.

டிரைவர் நிரல் முழுவதையும் பிரிண்ட் எடுத்தேன். ஓட்டை போட்ட, மடித்து மடித்து வரும் நீளமான பேப்பர். ட்ரெயினில் மடியில் விரித்துப் படித்தால் சானடோரியம் ஸ்டேஷனுக்குள் எதிர் சீட்டுக்காரர் காலடி வரைக்கும் போய்விடும். ஒருநாள் ஒரு பெரியவர் குனிந்து பார்த்துவிட்டு, "யாரோட ஜாதகம்ப்பா, இவ்ளோ நீளமா கீது?" என்று கேட்டார். கார்டோட ஜாதகம்தான் சார் என்றேன். "கட்டம் சரியில்லையா?" என்றார். இல்லை என்றேன். அனுதாபத்தோடு பார்த்துவிட்டு இறங்கிப் போனார்.

கட்டம் எங்கே சரியில்லை என்பதை மெதுவாகக் கண்டுபிடித்தேன். ஒரே கேபிளில் இரண்டு கம்ப்யூட்டர் ஒரே நேரத்தில் பேசினால் மோதிக்கொள்ளும். முனை மூடி சரியில்லாமல் முட்டித் திரும்பும் சமிக்ஞையும் கார்டுக்கு மோதல் மாதிரிதான் தெரியும். மோதினால் கார்டு கொஞ்சம் பொறுத்து மறுபடி முயலும். பல தடவை முயன்றும் முடியாவிட்டால் "என்னால் ஆகவில்லை" என்று ஒரு சமிக்ஞை கொடுத்துவிட்டு நின்றுவிடும். நம் டிரைவருக்கு "அனுப்பியாச்சு" என்ற பதில் மட்டும்தான் புரியும். "ஆகவில்லை" என்றால் அதைக் காதிலேயே வாங்காது. வராத பதிலுக்காக டிரைவர் காத்திருக்கும், டிரைவர் சொல்லட்டும் என்று கார்டு காத்திருக்கும். சம்பந்தி வீட்டுச் சண்டை மாதிரி, யார் முதலில் பேசுவது என்று இரண்டும் உட்கார்ந்திருக்கும்.

அந்த "ஆகவில்லை" வந்தவுடன் கார்டை மறுபடி கிளப்பிவிட நாலு வரி எழுதினேன். ஆனால் எழுதியதைச் சோதிக்க வேண்டுமே. நல்ல கேபிளில் கோளாறு வராது. கோளாறு வராமல் திருத்தம் வேலை செய்கிறதா என்று தெரியாது. மூடியில் நானே சந்தனம் வைத்துப் பார்த்தேன், கோளாறு வரவில்லை. லோடு அண்ணனிடம் போய் நின்றேன்.

"அண்ணே, அன்னிக்கு வெச்ச மாதிரியே அந்த மூடில சந்தனம் வெச்சுக் கொடுங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னாபா, நல்லாப் போறதுக்கு பூஜ போடுவாங்க. நீ கெட்டுப்போறதுக்குப் போடச் சொல்ற?"

"கெட்டாத்தான் அண்ணே சரி பண்ண முடியும்."

"டேய், இவனுக்கு யாராவது மந்திரிச்சு உடுங்கடா" என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னார். சொல்லிவிட்டு, ஒரு பழைய மூடியை வாங்கி, சந்தனத்தைக் குழைத்து அன்று வைத்த அதே அளவு, அதே பதத்தில் வைத்துக் கொடுத்தார். நான் வைத்துப் பார்த்தபோது வராத கோளாறு, அவர் வைத்ததில் கச்சிதமாக வந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்மா நேரம்தான் எனக்குச் சோதனை நேரம். பாயும் பாதிப் பேரும் பள்ளிவாசலுக்குப் போயிருப்பார்கள், மேனேஜர் சாப்பிட வீட்டுக்குப் போயிருப்பார். நல்ல மூடியைக் கழற்றிவிட்டுச் சந்தன மூடியை மாட்டுவோம். அக்கா கீழே டைப் அடித்துக்கொண்டே இருப்பார். முதல் வெள்ளிக்கிழமை, கார்டு மட்டும் ஊமையாக நிற்பதற்குப் பதிலாக மெஷின் மொத்தமும் உறைந்துபோனது. "முன்னாடி வாய்தான் போச்சு, இப்ப உசுரே போச்சு தம்பி" என்றார் அக்கா. அவர் சிரித்ததால் நானும் சிரித்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பொத்தேரிக்குப் பஸ் ஏறினேன். நண்பனின் லேபில் இமெயில் இருந்தது. அப்போதெல்லாம் அது பெரிய விஷயம். டிரைவரை எழுதிய வெளிநாட்டுக்காரரின் முகவரி நிரலின் தலைப்பிலேயே இருந்தது. எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எல்லாவற்றையும் எழுதினேன். கோளாறை எப்படி வரவழைப்பது என்ற இடத்தில் கொஞ்சம் தயங்கினேன். அப்புறம், சந்தனக் கட்டையைத் தண்ணீர் விட்டு இழைத்து, முனை மூடிக்குள் வைத்து, ஒரு நாள் காயவிடவும் என்று உள்ளது உள்ளபடி எழுதிவிட்டேன். இதைப் படித்துவிட்டு யார் பதில் போடப் போகிறார் என்றான் நண்பன்.

அடுத்த வாரம் பதில் வந்திருந்தது, நீளமாக. கல்லூரி நாளில் எழுதிய டிரைவர் அது, அந்தக் கார்டு இப்போது தன்னிடம் இல்லை என்று எழுதியிருந்தார். அங்கங்கே இருந்து புகார் வந்துகொண்டே இருந்ததாம். ஆனால் தன் அறையில் ஒரு தடவைகூடக் கோளாறு வந்ததில்லையாம். நினைத்தபோது கெடுத்துக்காட்ட ஒரு வழியை நீங்கள் கண்டுபிடித்திருக்கிறீர்கள், பாதி வேலை முடிந்தது என்றார். அந்தக் கார்டு நின்ற உடனே தட்டி எழுப்பக் கூடாது. கண நேரம் பொறுத்து, முதலில் கேட்கும் பக்கத்தை நிறுத்தி, அப்புறம் பேசும் பக்கம், கேட்கும் பக்கம் இரண்டையும் வரிசையாகக் கிளப்ப வேண்டும் என்று தன் நினைவில் இருந்ததை எல்லாம் கொட்டியிருந்தார். கடைசியில், சந்தனம் என்றால் எப்படி வாசம் வரும் என்று கேட்டிருந்தார். முன்பின் தெரியாத என்னை அவர் ஒரு வார்த்தை கேலி செய்யவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது அந்தப் பேப்பரைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை, கார்டு பேச ஆரம்பித்தது. ஆனால் காது கேட்கவில்லை. அக்கா அடித்தது மாடிக்கு வந்தது. மாடியிலிருந்து ஒன்றும் திரும்பப் போகவில்லை. ஒவ்வொரு திருத்தத்துக்கும் அந்தப் பழைய மெஷினில் நிரலை மறுபடி கட்டமைக்கக் காலையில் ஆரம்பித்தால் மத்தியானம் ஆகிவிடும். நான் விடவில்லை. கேட்கும் பக்கத்தை எழுப்பும் வரி ஓர் இடம் தள்ளிப் போயிருந்ததைக் கண்டுபிடித்து மாற்றினேன். அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை, சந்தன மூடி மாட்டியபடியே, தொழுகை முடிந்து பாய் திரும்பும் வரைக்கும் அக்கா நிற்காமல் அடித்தார். எழுத்துகள் தயங்கித் தயங்கி வந்தன. நிற்கவில்லை.

கன்டெய்னர் நாளில் மழை. முற்றம் முழுக்க ஆள். மேனேஜர் குடையோடு பேக்கிங் செக்ஷன் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். ஓடுவதற்காக ஒரு ஆளையும் தயாராக வரச்சொல்லியிருந்தார். அந்த ஆள் பீடியைக் காதில் செருகிக்கொண்டு சுவரோரம் குந்தியிருந்தார். லிஸ்ட் பாதி தாண்டியிருக்கும். லாரியில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்த ஒருவர் சேற்றில் வழுக்கி, விழாமல் இருக்கக் கையில் அகப்பட்டதைப் பிடித்தார். அது என் கேபிள். ஆணியோடு பிடுங்கிக்கொண்டு வந்தது.

அக்காவின் திரை நின்றது. அவர் சாவிகளிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். தகரத்தில் மழை விழும் சத்தம் மட்டும்தான். சுவரோரம் குந்தியிருந்தவர் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

லோடு அண்ணன் ஓடிப்போய்க் கழன்ற இணைப்பைச் செருகித் திருகினார். "ஆச்சு, ஆச்சு" என்றார். மெஷினை அணைத்துப் போட வேண்டாம் என்று மட்டும் அக்காவுக்குக் கையால் ஜாடை காட்டினேன்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் திரையில் பாதியில் நின்ற வரி தானாக முழுசாக வந்தது. திரை நின்றபோது அக்கா அடித்திருந்த அடுத்த வரியும் வந்தது.

"வந்துச்சா?" என்றார் மேனேஜர்.

"வந்துச்சு சார்" என்று சொல்லிவிட்டு அக்கா அடிக்க ஆரம்பித்தார். ஒரு பெட்டியைக்கூட மறுபடி அடிக்க வேண்டியிருக்கவில்லை. மேனேஜர் வேட்டி கட்டிய ஆளிடம் திரும்பி, "நீ லோடுக்குப் போ" என்றார். அன்று லாரி கிளம்பியபோது இன்னும் பகல் வெளிச்சம் இருந்தது. அதற்கப்புறம் பசை செக்ஷன் பேச்சை யாரும் எடுக்கவில்லை. பின்னாளில் பேக்கிங் செக்ஷன் முழுவதையும் அக்காதான் பார்த்துக்கொண்டார்.

திருத்தத்தை அந்த வெளிநாட்டுக்காரருக்கு அனுப்பினேன். நன்றி சொல்லிவிட்டு, கார்டு உங்களிடம்தான் இருக்கிறது, இனி இந்த டிரைவரை நீங்களே பார்த்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார். ரேடியோ கடையிலிருந்து வந்தவனை நம்பி ஒருவர் தன் நிரலை ஒப்படைக்கிறார். அதைப் பல வருஷம் பார்த்துக்கொண்டேன். ஆபரேட்டிங் சிஸ்டத்தின் புதுப் பதிப்பு வரும்போதெல்லாம் டிரைவரில் ஏதாவது உடையும்; உட்கார்ந்து சரிசெய்து, அக்காவின் மெஷினில் போட்டு ஓட்டிப் பார்த்த பிறகுதான் அனுப்புவேன். பெயர் தெரியாத ஊர்களிலிருந்து, எங்கள் பள்ளிக்கூடத்தில் ஓடுகிறது, எங்கள் ஆஸ்பத்திரியில் நிற்கிறது என்று கடிதங்கள் வரும். ஒவ்வொன்றைப் படிக்கும்போதும், அங்கேயும் ஒருவர் சாவிகளிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றும்.

இன்றைக்கும் எதையாவது ரிப்பேர் செய்துவிட்டு, சரியாகிவிட்டது என்று சொல்ல வாயெடுக்கும்போது, நான் வீட்டுக்குப் போன பிறகு அங்கே உட்கார்ந்து வேலை செய்யப்போகிறவர் யார் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பார்க்கிறேன். பல நேரம் மறுபடி ஸ்குரூடிரைவரைக் கையில் எடுத்துவிடுகிறேன்.